விளம்பரம் முடியும்வரை தூக்கிய கால்

முப்பத்தொரு வருஷமாக நான் சுரங்கத்தின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஒரு மூட்டை போல்ட் வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. அந்தக் கெட்ட பழக்கம் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டு மிக்ஸிக்கு ஒப்பீட்டுப் பட்டியல் உண்டு. துவரம்பருப்புக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதை மட்டும் என் மனைவி கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

போன வருஷம் அவளுக்கு வலது முட்டியில் புது மூட்டு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார். ஆறு வாரத்துக்குள் முட்டி நன்றாக மடங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி மயக்க ஊசி போட்டு அவரே மடக்கிவிட வேண்டியிருக்கும். முதல் மயக்கத்திலிருந்து விழித்தபோது அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். "இன்னொரு தடவை என்னை அந்த ரூமுக்குள்ள அனுப்பினீங்கன்னா நான் திரும்பி வர மாட்டேன், சொல்லிட்டேன்" என்று வரும் வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிசியோதெரபி டாக்டர் ஒரு வீடியோவை அவள் போனுக்கு அனுப்பினார். "இந்தம்மா சொல்றபடியே செய்யுங்க. நீங்களா கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றார். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பயம் அப்படி.

வீடியோவில் வரும் பெண்மணி, "காலைத் தூக்குங்க, பத்து எண்ணுற வரைக்கும் அப்படியே வைங்க" என்பார். ஏழோ எட்டோ எண்ணும்போது நடுவில் விளம்பரம் குதிக்கும். நகைக் கடன், சீட்டாட்டம், வழுக்கைத் தலைக்கு எண்ணெய். கட்டிலில் இவள் கால் மேலேயே நிற்கும். "அந்தம்மா இன்னும் இறக்கச் சொல்லலையே" என்பாள். போன் எட்டாத தூரத்தில் ஸ்டூல் மேல் இருக்கும். "என்னங்க, விளம்பரம்!" என்று கத்துவாள். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, விளம்பரத்தைத் தாண்டும் பொத்தானை அமுக்குவேன். காலையில் எட்டு ஓட்டம், மாலையில் எட்டு ஓட்டம். நாலு நாளில் எனக்கே முட்டி வலி வந்துவிட்டது.

மந்தாரக்குப்பத்தில் போன் கடை வைத்திருப்பவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்தார். "இதுக்கா சார் இப்பிடி ஓடிகினு கெடக்குறீங்க? வெளம்பரத்த மறிக்கிற சாப்ட்வேர் இருக்குது. வருசத்துக்கு ஒருக்கா லைசென்ஸ் பணம் கட்டிட்டா போதும், ஒண்ணும் வராது. அக்கா நிம்மதியா செஞ்சிகினு இருக்கும்."

வருஷத்துக்கான லைசென்ஸ், ஒரு நல்ல பண்ருட்டிப் பலாப்பழத்தின் விலை. வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே கட்டியிருப்பான். நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் நீள நோட்டு ஒன்று வாங்கினேன்.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. தேவையை நிரூபிக்காமல் எதையும் வாங்கக் கூடாது. விளம்பரத்தால் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று முதலில் அளந்தாக வேண்டும். அளப்பதென்றால் இடையில் பொத்தானை அமுக்கக் கூடாது. சோதனை முடியும்வரை முழுசாக ஓடவிட வேண்டும். லீவு போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் 'பயன்படுத்தும் துறை' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்தும் கேட்டேன்.

"முட்டி வலிக்கிறது எனக்கு. நோட்டு எதுக்கு உங்களுக்கு?"

"லைசென்ஸுக்குத்தாம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"நாசமாப் போச்சு" என்று கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் முதல் விளம்பரம் இருபத்தெட்டு விநாடி. அடுத்தது முப்பத்தைந்து. கால் மேலேயே நின்றது. லேசாக நடுங்கியது. குறிப்பு என்ற கட்டத்தில் 'நடுக்கம்: லேசாக' என்று எழுதினேன். மூன்றாம் நாள் 'நடுக்கம்: அதிகம்' என்று எழுதினேன். ஐந்தாம் நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையணை உறையைக் கசக்கினாள். அதற்கு நோட்டில் கட்டம் இல்லை. ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒன்று போட்டேன்.

தேவை நிரூபணமாகிவிட்டது. அடுத்து மூன்று சாப்ட்வேர்களை ஒப்பிட வேண்டும். விதிப்படி குறைந்த விலை சொன்னவருக்கே முதல் வாய்ப்பு. சும்மா கிடைப்பதைவிடக் குறைந்த விலை உலகத்தில் உண்டா? இலவசமான ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அது எல்லா விளம்பரங்களையும் ஒழுங்காக மறித்தது. மறித்த இடத்திலெல்லாம், 'விளம்பரத் தொல்லையா? எங்களுக்குப் பணம் கட்டுங்கள்' என்று தன் சொந்த விளம்பரத்தை நாற்பது விநாடி ஓட்டியது.

இரண்டாவது இன்னும் பிரமாதம். விளம்பரமும் இல்லை, வீடியோவும் இல்லை. கால் மேலே போன பிறகு திரை கறுத்துவிட்டது. என் நிபந்தனையில் 'விளம்பரம் வரக் கூடாது' என்று மட்டும்தான் இருந்தது. வரவில்லையே! 'நிபந்தனை பூர்த்தி' என்று எழுதினேன்.

"ஏங்க, அந்தம்மா எங்க?" என்றாள் அவள், கறுத்த போனைப் பார்த்துக் காலைத் தூக்கியபடி.

"வருவாங்க, இரு."

மூன்றாவதுதான் கடைக்காரர் சொன்னது. அது பணம் கட்டினால்தான் ஓடும். சோதிக்காத பொருளுக்கு எப்படிப் பணம் கட்டுவது? பணம் கட்டாமல் எப்படிச் சோதிப்பது? இப்படி ஒரு முடிச்சு ஆபீஸில்கூட விழுந்ததில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. ஒன்றரைப் பக்கத்துக்கு ஆபீஸ் நோட் எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் விளம்பரங்கள் முழுசாக ஓடின. சோதனைதான் இன்னும் முடியவில்லையே.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. வீக்கத்தில் பாதிகூட மடங்கவில்லை. பிசியோதெரபி டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"தொடை நல்லா பலமா இருக்கு. முட்டி ஏன் இப்படி வீங்கியிருக்கு? எவ்வளவு நேரம்மா காலைத் தூக்கி வைக்கிறீங்க?"

"விளம்பரம் முடியுற வரைக்கும் சார்."

அவருக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நானும் உதவியாக இருக்கட்டும் என்று பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நடுக்கம் என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நீங்க பக்கத்துலயேதான் இருந்தீங்களா?"

"ஆமாம் டாக்டர். ஒரு வேளைகூடத் தவறல."

"அப்ப, பத்து ஆனதும் 'இறக்கு'ன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

என் சர்வீஸில் எத்தனையோ ஆடிட் ஆட்சேபணைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு நோட்டை வாங்கிப் பைக்குள் திணிக்கத்தான் தெரிந்தது. அவமானமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் பத்து நாள் தவணை கொடுத்தார். ஐஸ் வைத்து வீக்கத்தைக் குறைக்க வேண்டும். தூக்குவது பத்து எண்ணும்வரை மட்டும்தான். அந்தப் பத்து நாளுக்குள் மடங்காவிட்டால் மயக்க ஊசிதான். திரும்பும்போது ஆட்டோவில் அவள் அழவில்லை, திட்டவுமில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மந்தாரக்குப்பத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"இன்னா சார், கொட்டேசன்லாம் முடிஞ்சிதா?" என்றார் கடைக்காரர்.

"கொட்டேஷனாவது மண்ணாவது. போட்டுக் குடுப்பா" என்று அவள் போனை நீட்டினேன்.

சோதிக்காமல், ஒப்பிடாமல், நோட் எழுதாமல் என் வாழ்க்கையில் வாங்கிய முதல் பொருள் அதுதான். நன்றாகவே ஓடியது. ஒரு விளம்பரம் வரவில்லை. பத்தாம் நாள் டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு, ஊசி வேண்டாம் என்றார். அவள் அந்த வராந்தாவிலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பார்த்தார்கள்.

பயிற்சி இன்னும் நடக்கிறது. நாற்காலியும் அதே இடத்தில்தான் இருக்கிறது, நோட்டுதான் இல்லை. பத்து ஆனதும் வீடியோ பெண்மணி "இறக்குங்க" என்பார். இவள் இறக்க மாட்டாள். என்னைப் பார்ப்பாள். நான் "இறக்கு" என்றால்தான் கால் கீழே வரும்.

போன வாரம் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அந்தம்மாதான் சரியாச் சொல்றாங்களே. இவ்வளவு பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினது எதுக்கு? நான் வேற எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டேன்.

அவள் காலை இறக்காமலேயே சொன்னாள்:

"என் கால் நடுங்குறது அந்தம்மாவுக்குத் தெரியாதுங்க."