டாக்டர் சொன்னதாக அம்சம் சொன்னது

நன்னிலத்தைச் சுற்றி நெல் போடுகிறவர்களில் அம்சத்தைத் தெரியாதவர் குறைவு. பதினெட்டுப் பெண்கள் கொண்ட களைக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. வரப்பில் நின்றுகொண்டு எவளாவது வயல் சுத்தம் என்று சொல்லிவிட்டால் போதும், அம்சத்துக்குச் சுருக்கென்று கோபம் வரும். இறங்கு, குனி, கையை விட்டுப் பார் என்பாள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. குதிரைவாலி என்று ஒரு புல் உண்டு. இளசாக இருக்கும்போது பக்கத்து நாற்றுக்கும் அதற்கும் கண்ணால் ஒரு வித்தியாசம்கூடச் சொல்ல முடியாது. நிறம் அதே, உயரம் அதே. இலை தண்டைப் பிடிக்கிற இடத்தில் நெல்லுக்கு ஒரு சின்னச் சவ்வு இருக்கும், இதற்கு வழவழவென்று இருக்கும். அதை விரல்தான் கண்டுபிடிக்கும். புதிதாக வேலைக்கு வந்தவள் நெல்லைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விட்டுவிடுவாள். அம்சத்தின் விரலுக்கு அது தப்பியதே இல்லை.

இப்பேர்ப்பட்டவள்தான் ஒரு நாள் போனில் தன் மகனிடம், வயல் சுத்தம் என்கிற கணக்காக ஒரு பொய்யைச் சொன்னாள்.

மகன் நெடுஞ்செழியன் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஐ.டி.ஐ. முடித்த கையோடு விமானம் ஏறியவன். அப்பா முருகையன் பாம்பு கடித்துச் செத்த வீட்டில் அவன்தான் தூண். 2009இல் விடுப்பில் வந்தபோது அடிக்கடி காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒரு கனம். சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. மெதுவாக வளர்கிற வகை, தினம் ஒரு மாத்திரையில் கட்டி வைக்கலாம், ஆனால் விடக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைத்தது. ஆறே மாதத்தில் பையன் தேறி, மறுபடி ஷார்ஜாவுக்குப் போனான். வியாதியைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது, ஊரிலும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அம்சம் சென்னைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவாள். அட்டைகளைப் பழைய சத்து மாத்திரை டப்பாவில் போட்டு, ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நடுவில் வைத்துக் கட்டுவாள். ஜவுளிக்கடை கலந்தர் பாய் வீட்டு ஆட்கள் யாராவது ஷார்ஜாவுக்குப் போவார்கள். பார்சல் அவர்களோடு போய்விடும்.

2012 கார்த்திகையில் சிக்கல் வந்தது. இனிமேல் பையனே நேரில் வர வேண்டும், ரத்தத்தைச் சோதித்துப் பார்க்காமல் மாத்திரை தர முடியாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து மகள் செந்தாமரைக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவன் பாதியில் ஓடி வந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால், என்ன ஏது என்று கேட்க மாட்டார்களா? புற்றுநோய் என்று தெரிந்தால் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அம்சம் ரயிலில் வரும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது.

"டாக்டரம்மா ரத்தம் சுத்தமாயிட்டுன்னு சொல்லிட்டாங்க தம்பி. மாத்திரையக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கலாமாம்."

அவனுக்குச் சந்தோஷம். அந்த மாத்திரையால் காலையில் கண்ணெல்லாம் வீங்கும், கெண்டைக்காலில் பிடிப்பு வரும். விட்டது தொல்லை என்றான். கல்யாணம் முடியட்டும், அப்புறம் எப்படியாவது சொல்லிக் கூட்டிப் போய்விடலாம் என்று அம்சம் தன்னையே தேற்றிக்கொண்டாள்.

தையில் அவன் பத்து நாள் விடுப்பில் வந்தான். முகம் தெளிந்து, மாப்பிள்ளையைவிட இவன்தான் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்தப் பத்து நாளில் ஒரே ஒரு நாள், சென்னைக்குப் போக ஒரே ஒரு நாள் போதும். அம்சம் அவனைப் பார்த்துப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டாள், நன்றாகத்தானே இருக்கிறான் என்று. வரப்பில் நின்று பார்க்கிறவளை ஏசுகிற அம்சம், வரப்பிலேயே நின்றுவிட்டாள். அவன் விமானம் ஏறிவிட்டான்.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்னால் அவன் திரும்பி வந்துவிட்டான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, வயிறு மட்டும் உப்பியிருந்தது. சென்னையில் பழைய மாத்திரையையே கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கவே இல்லை. இன்னொரு சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று செந்தாமரையும் கூட வந்திருந்தாள். டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

இந்த நோய் தொடங்குவதே மரபணுவில் நேர்கிற ஒரு பிழையால். இரண்டு துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டு, பெருகு பெருகு என்று ஓயாமல் கட்டளை போடுகின்றன. மாத்திரை போய் அந்தக் கட்டளையின் வாயை அடைக்கிறது. மாத்திரையை விட்டால் அணுக்கள் இஷ்டத்துக்குப் பெருகும். பெருகப் பெருக, புதுப்புதுப் பிழைகள் சேரும். அதில் ஒரு பிழை, மாத்திரை போய் உட்காருகிற இடத்தின் வடிவத்தையே மாற்றிவிடும். அந்த அணுவை மாத்திரை ஒன்றும் செய்ய முடியாது. இவனுக்கு நடந்திருப்பது அதுதான். உடம்புக்குள் காவல் அணுக்கள் இருக்கின்றனவே, அவை பிடிக்காதா என்று செந்தாமரை கேட்டாள். பிடிக்கும், வித்தியாசமாகத் தெரிவதைப் பிடிக்கும் என்றார் டாக்டரம்மா. அடையாளத்தை மறைத்துக்கொண்டு, சொந்த அணு போலவே நிற்பவை தப்பிவிடும். தப்பியவைதான் மேலும் பெருகும்.

மூவரில் இது முழுதாகப் புரிந்தது, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்சத்துக்குத்தான். கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடுங்கி, நெல்லைப் போல நின்றதை விட்டால் அடுத்த போகத்தில் வயல் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டரம்மா கேட்டார். நெடுஞ்செழியன் வியப்போடு அவரைப் பார்த்தான். நீங்கள்தானே என்று சொல்ல வாயெடுத்தவன், அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்சம் தரையைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் நிறுத்தினேன்" என்றான்.

வெளியே வந்ததும் செந்தாமரை அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஒரு மாத்திரை முழுங்க உனக்கு அவ்வளவு கஷ்டமா, படித்தவன்தானே என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கட்டிக்கொண்டான். அந்தச் சிரிப்பு அம்சத்தை அறுத்தது. ஆனாலும் அவள் டீ வாங்கப் போவதுபோல நகர்ந்துவிட்டாள்.

அடுத்த மூன்று வாரம் அவள் சோறு என்று உட்கார்ந்தால் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவாள். களைக்குப் போனாள். ஒரு வயலில் கொத்தாகக் குதிரைவாலியை விட்டுவிட்டு வந்தாள். கூட்டத்துப் பெண் காத்தாயிதான் அதைப் பிடுங்கிக் கரையில் போட்டாள்.

பிறகு சென்னையிலிருந்து நல்ல சேதி வந்தது. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காகச் சோதித்ததில், செந்தாமரையின் எலும்பு மஜ்ஜை அண்ணனுக்குப் பொருந்தியிருந்தது. அவளுடைய காவல் அணுக்கள் அவன் உடம்புக்குள் போனால், அவனுடையவை ஏமாந்த இடத்தில் இவை ஏமாறாமல் பிடிக்க வாய்ப்பு உண்டு. அதுவரை நோயைக் கட்ட ஒரு புது மாத்திரையும் வரும். எல்லாம் சரி, ஆனால் மூவரும் சென்னைக்குப் போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"மாற்று செஞ்ச பிறகு ஒரு வேளை மருந்து விட்டாலும் உயிருக்கு ஆபத்து. இவர் தன் இஷ்டத்துக்கு நிறுத்தினவர். எங்க குழு யோசிக்கணும்னு மத்த டாக்டர்ங்க சொல்றாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

நெடுஞ்செழியன் இனிமேல் ஒழுங்காகச் சாப்பிடுவேன் என்றான். எல்லோரும் சொல்வதுதான் என்றார் டாக்டரம்மா. தன்னைக் காப்பாற்ற மகன் சொன்ன பொய், அவனையே வெளியே தள்ளப் போகிறது என்று அம்சத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். பக்கத்தில் செந்தாமரை இருந்தாள். சொன்னால், யார் கல்யாணத்துக்காக என்பதையும் சொல்ல வேண்டும்.

"அவன் நிறுத்தலைங்க. நீங்க நிறுத்தச் சொன்னதா நான்தான் பொய் சொன்னேன். கல்யாணம் நின்னுடும்னு பயந்து சொன்னேன். பத்து நாள் கண்ணு முன்னாடி இருந்தான், அப்பவும் கூட்டிட்டு வரலை. நான் பாவிங்க. அவனத் தள்ளிடாதீங்க."

செந்தாமரை முகத்தைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா மூடிய பேனாவைத் திறந்தார். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டாலும் சிலருக்கு இந்தப் பிழை வருவதுண்டு, இடைவெளி விட்டதால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். அது ஆறுதலாக இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கும். இடைவெளி எத்தனை மாதம் என்று துல்லியமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். குழுவிடம் நானே பேசுகிறேன் என்றார். கடைசியாக, இனிமேல் மாத்திரைக்கு வீட்டில் யார் பொறுப்பு என்று கேட்டார்.

செந்தாமரை, நான் என்று சொல்லத் தொடங்கினாள்.

"அம்மாதான்" என்றான் நெடுஞ்செழியன்.

அம்சம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். பத்தாம் நாள் குழு சம்மதித்தது. புது மாத்திரையும் வந்தது. மறுநாள் காலை அம்சம் கையைக் கழுவி, மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் உடனே வாயில் போடவில்லை.

"டாக்டர் சொன்னதுதானம்மா?" என்று கேட்டான்.

அவன் குரலில் கோபம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான். அம்சம் முந்தானையில் முடிந்திருந்த டாக்டரம்மாவின் மருந்துச் சீட்டை அவிழ்த்து, அவன் முன்னால் விரித்துப் பிடித்தாள். அவன் கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகுதான் தண்ணீர் கேட்டான்.