பெட்டி மேல் போட்ட அம்புகள்

இத்தாலியின் பலெர்மோ துறைமுகம். ஒலிவ் எண்ணெய்க் கிடங்கின் வாசலில், அமெரிக்கா போகவேண்டிய பெட்டிகள் பாதி லாரியிலும் பாதி தரையிலும் கிடக்கின்றன. காலையில் ஏற்றச் சொன்ன முதலாளி, அங்கே இறக்குமதி வரியைக் கூட்டுகிறார்களாம் என்று நிறுத்திவிட்டார்.

"வேலை நிண்டா பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கேலாது, இஞ்சை இருக்கேலாது. அமெரிக்க அரசியல்தானே படிப்பிக்கிறியள், சேர்? அங்கை ஆர் முடிவெடுக்கிறது?" என்று, எண்ணெய் வாங்க வந்த என்னிடம் கேட்கிறார் சுமை ஏற்றும் மன்னார்க்காரர் மரியதாஸ்.

வகுப்புப் பழக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் அதிபர், நாடாளுமன்றம், நீதிமன்றம், வாக்காளர் என எழுதி அம்புகள் போடுகிறேன். எல்லாம் சுற்றிச் சுற்றி வருகின்றன. எனக்கே தலை சுற்றுகிறது.

"அப்ப கடைசிச் சொல்லு ஆற்றை?"

நடுவில் கேள்விக்குறி போடுகிறேன். மனம் மாறி, மறுபடி ஏற்றச் சொல்லி உள்ளிருந்து முதலாளி கத்துகிறார். மரியதாஸ் அந்தப் பெட்டியைத்தான் முதலில் தூக்குகிறார்.

"இருங்க, அழிச்சிடறேன்."

"விடுங்கோ சேர். அங்கை பாக்கிறவை பதில் எழுதட்டும்."