சராசரியில் சேராத ஒருவன்

தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்கிய முருகையா நேராக ராயகிரியில் என் மகள் வீட்டுக்கு வந்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஸார், சயன்ஸ் ஸார் போயிட்டாவ. நேத்து சாயங்காலமே எடுத்தாச்சு. ஒங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாவன்னுதான் வந்தேன்."

நயினார் அண்ணாச்சி இறந்து, எரிந்து, ஒரு ராத்திரியும் கழிந்திருந்தது. நான் அந்த ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தேன். அதை நினைக்க என்னவோபோல் இருந்தது.

விஞ்ஞான ஆசிரியர் ஆறுமுகநயினாரிடம் படித்த பழைய மாணவர்களாகிய உங்களுக்கு அவரைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வகுப்புக்கு வெளியே அவரை உங்களில் அநேகம் பேர் அறிய மாட்டீர்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் அவர் விஞ்ஞானமும் கணக்கும் நடத்தினார். அடுத்த அறையில் நான் தமிழ் நடத்தினேன். பாடங்களைத் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வரும் வரையில் எங்களுக்குள் வணக்கத்தோடு சரி. உத்தரவு வந்த மறுநாள் என் மேஜைமுன் வந்து நின்றார்.

"பண்டிதரே, எல்லாம் இங்கிலீஷ்லயே படிச்சுத் தொலைச்சுட்டேன். ஆவரேஜுக்கு ஒரு வார்த்தை வேணும்."

நான் இரண்டு நாள் யோசித்து 'நடுநிலையளவை' என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நெல்லுக்கடையில 'சராசரி'ங்கான். பய வீட்டுல கேட்ட வார்த்தை. அதையே வச்சுக்கிடுவோமா?" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டதும் மேலகரத்தில் அவர் வீடுவரை பேசிக்கொண்டே நடப்பது எங்களுக்கு வழக்கமாயிற்று.

சராசரியை அவர் நடத்திய விதம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே அளவான புட்டியும் புனலும் கொடுத்து, ஒவ்வோர் ஊர்ப் பையனையும் அவன் வீட்டு முற்றத்தில் வைக்கச் சொல்வார். சாரல் காலம். குற்றாலத்துப் புட்டி நிறைந்து வரும். தென்காசிப் புட்டியில் அதில் பாதி இருக்கும். கிழக்கே போகப் போகக் குறையும். எல்லாவற்றையும் ஒரு பானையில் ஊற்றிக் கலந்து, திரும்ப எல்லாப் புட்டியிலும் சமமாகப் பங்கிடுவார். "மொத்தத்தைக் கூட்டி, எத்தனை பேரோ அத்தனையால வகுக்கது இதுதாம்லே. புட்டியில இப்ப நிக்கதுதான் சராசரி." ஒருநாள் கிழக்கத்திப் பையன் ஒருவன் எழுந்தான். "ஸார், எம் புட்டி காஞ்சுல்லா கெடந்துச்சு. இப்போ மழை பெஞ்சதா ஆயிட்டே."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. சராசரி யாரையும் நனைக்காதுலே. தாலுகாவுக்கு மழை எப்படின்னு கேட்டா அதைச் சொல்லலாம். ஒன் வயல் நனைஞ்சுதான்னு கேட்டா, வயலைத்தான் போய்ப் பாக்கணும்" என்றார். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கணக்கில் எனக்குப் புரிந்த முதல் பாடம் அது.

அவருக்கு ஒரே மகன், சண்முகம். ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தாவாக இருந்தான். யுத்தம் பர்மாவுக்கு வந்தபோது அங்கிருந்த நம்மவர்கள் காடும் மலையுமாக நடந்தே புறப்பட்டார்கள். செங்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அண்ணாச்சியோடு நானும் போய்ப் பார்த்தேன். சண்முகம் தங்களுக்கு முந்திய கூட்டத்தோடு கிளம்பினான் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தைரியம் சொன்னார்கள். தலைமையாசிரியர் நல்ல மனுஷர். பத்திரிகையில் படித்ததை வைத்துக்கொண்டு, "பாதிப் பேருக்கு மேல வந்து சேந்துட்டாங்களாம், நயினார். கவலைப்படாதீர்" என்றார்.

"அது போனவங்க எல்லாரையும் சேத்துச் சொல்லுத கணக்கு ஸார். எனக்குப் போனது ஒருத்தன். அவன் பாதி வர மாட்டான். வந்தா முழுசா வருவான், இல்லேன்னா இல்ல" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். அன்றும் பாடம் நடந்தது.

வருஷம் இரண்டு போயிற்று. சொந்தக்காரர்கள் காரியம் செய்துவிடச் சொன்னார்கள். அவர் மனைவி கோமதி அம்மாளும் அதைத்தான் விரும்பினார். ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடுவது என்று முடிவாகி, அண்ணாச்சி என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். அருவி இரைச்சலில் புரோகிதர் கத்திக் கத்திப் பேர் கேட்டார். அண்ணாச்சி தம் அப்பா பேரைச் சொன்னார், தாத்தா பேரைச் சொன்னார். "அப்புறம்?" என்றார் புரோகிதர். அண்ணாச்சி கையிலிருந்த எள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

"என்னால ஆகாது கோமதி. எனக்குத் தெரியாததைச் சொல்லச் சொல்லுதாவ."

ஈரப் புடவையோடு நின்ற அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "எனக்கு மட்டும் தெரியுமா? நெதம் அவனுக்கும் சேத்து ஒலை வைக்கேன். ஒரு நாளாச்சும் அழுது முடிக்கணும்லா" என்றார்.

இரண்டு பேரும் சொன்னது நியாயமாகவே பட்டது எனக்கு. என்ன சொல்லியும் சேர்த்துவைக்க முடியவில்லை. அடுத்த வாரம் கோமதி அம்மாள் செங்கோட்டைக்கு ரயிலேறித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. அண்ணாச்சிதான் ஸ்டேஷன் வரை மூட்டையைச் சுமந்துபோய் ஏற்றிவிட்டு வந்தார். அதன்பின் தானே பொங்கித் தின்றார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செங்கோட்டை போய் அம்மாளைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார். ராத்திரி வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

முருகையா சொன்ன அன்றே மேலகரத்துக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கோமதி அம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தம்பிதான் என்னை வெளியே அழைத்துவந்து சொன்னார்.

"கொள்ளி வைக்க நேரத்துல, மகன் உண்டான்னு கேட்டாவ. உண்டுன்னு சொல்லவா, இல்லேன்னு சொல்லவான்னு எனக்கு வாய் எழும்பல. அக்காதான் உள்ள இருந்து சொன்னா, 'மகன் வெளியூர்ல இருக்கான், வந்துசேர நேரமில்லன்னு சொல்லு'ன்னு. அப்புறம் நான் வச்சேன்."

திரும்ப உள்ளே போய் அம்மாளிடம், செங்கோட்டைக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டேன்.

"போகல. இங்கனதான் இருக்கப் போறேன். ராத்திரி வீட்டுல ஆள் இருக்கணும்னு அவுக சொல்லுவாவ" என்றார்.

நான் தனியாக நடந்தே தென்காசிக்கு வந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடை இருந்தும் விரிக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று என்ன வைத்திருக்கிறேன் என்று யோசிக்கிறேன். அவர் தனியாக இருந்த வருஷங்களில் போகும்போதெல்லாம், "வந்துருவான் அண்ணாச்சி" என்று சொல்வேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அவர் ஒருநாளும் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதும் இல்லை. அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "உக்காரும் பண்டிதரே, காப்பி போடுதேன்" என்பார். அந்தக் குரலை வைத்திருக்கிறேன்.