அம்மன் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினாள்

பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்கு நான் தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்தேன். ஒரே ஒரு வேளை, ஒரே ஒரு பிள்ளைக்குப் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளைதான் படுக்கையில் விழுந்தாள்.

நடந்தது 2021 மாசி மாதம். என்னைப் போலவே அம்மனை நம்பி வாழ்கிறவர்கள் நீங்கள். அதனால் எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். நாட்களும் நேரமும் என் டைரியில் உள்ளவை.

விருதுநகருக்கு வெளியே ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் நான் உடற்கல்வி இயக்குநர். பெண்கள் கபடி அணி என் பொறுப்பு. கொரோனாவால் பல மாதங்கள் மைதானம் பூட்டிக் கிடந்தது. கபடித் தளம் முழுக்க நெருஞ்சி படர்ந்துவிட்டது. வகுப்புகள் மறுபடி தொடங்கியபோது விளையாட்டையும் தொடங்கலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்றவர்களே அதிகம். கபடியில் முகக்கவசம் போட முடியாது. பாடிக்கொண்டே எதிராளியின் முகத்துக்கு நேரே போக வேண்டும். தொட வேண்டும், கட்டிப் பிடிக்க வேண்டும். எதையெல்லாம் செய்யாதே என்று ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் சொன்னார்களோ, அதுதான் எங்கள் ஆட்டம்.

நான் விடவில்லை. இறுதியாண்டுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு அது கடைசி வருடம். பங்குனியில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடக்கும் என்று சொன்னார்கள். பதினாறு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிப் பதிவாளரிடம் கொடுத்தேன். அதில் ஓட்டையே இல்லை என்று நினைத்தேன். பெற்றோர் சம்மதக் கடிதம் தந்தால் தொடங்கலாம் என்றார்.

பதினொரு கடிதங்கள் வந்துவிட்டன. வராதது முத்துமாரியின் கடிதம். இரண்டாம் ஆண்டு பி.காம். ரெய்டு போவதில் அவளை மிஞ்ச அணியில் ஆள் இல்லை. அவளுடைய அம்மா பேச்சியம்மாள் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். நேரில் போய்ப் பார்த்தேன்.

"எங்க கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு பேருதான் டீச்சரம்மா. அஞ்சாவது ஆளு வாசல்ல எட்டிப் பாத்தாக்கூட போர்மேன் வைவாக. ஒண்ணு வெடிச்சா நாலோட நிக்கணும்லா? நீங்க அப்படி வச்சிக்கிருவீகளா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. "அப்படியே வைக்கிறேன் அம்மா. நாலு நாலு பேராகத்தான் பயிற்சி" என்றேன்.

"காய்ச்சல் பாப்பீகளா?"

"ரெண்டு வேளையும் பார்த்து நோட்டில் எழுதுவேன்."

"அப்பச் சரி. நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். விரலில் வெள்ளி நிற வெடிமருந்து ஒட்டியிருந்தது. தாளிலும் அதன் தடம் விழுந்தது.

மாசி முதல் வாரத்தில் பயிற்சியைத் தொடங்கினோம். நான்கு நான்கு பேராக மூன்று குழு. ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்க, தேங்காய் நார் அடைத்த சாக்குகளை எதிரணியாக நிறுத்தி, அவற்றைத் தொட்டுவிட்டு வரச் செய்தேன்.

"மேம், இந்தச் சாக்கு நம்ம பழைய கேப்டனவிட நல்லா ஓடுது" என்று முத்துமாரி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு மைதானத்தில் கேட்ட சிரிப்பு.

பதினோராம் நாள், வியாழக்கிழமை மாலை 4.40. பதினொரு பேருக்குப் பார்த்தாயிற்று. பன்னிரண்டாவதாக முத்துமாரி நின்றாள். காய்ச்சல் பார்க்கும் கருவியை அவள் நெற்றிக்கு நேரே நீட்டினேன். திரை அணைந்துவிட்டது. தட்டிப் பார்த்தேன், வரவில்லை. மாற்று பேட்டரி என் அறையில் இருந்தது. போய் வர ஆறு நிமிடம் ஆகும். பிள்ளைகள் காத்திருந்தார்கள். நோட்டில் பதினொரு கட்டம் நிரம்பி, ஒன்று மட்டும் காலியாக இருந்தது. எனக்குக் காலிக் கட்டத்தைப் பார்க்கப் பொறுக்காது. அது என் சுபாவம். 97.6 என்று எழுதினேன். "போ" என்றேன். அவள் ஓடிவிட்டாள்.

வெள்ளியும் சனியும் புதுப் பேட்டரி போட்டுப் பார்த்தேன். சரியாகவே காட்டியது. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை முத்துமாரிக்கு 100.2. இருமல். தனி அறைக்கு மாற்றி, பரிசோதனைக்கு அனுப்பினேன். புதன்கிழமை முடிவு வந்தது: கொரோனா. லேசான அறிகுறி உள்ளவர்களை வைக்கும் பராமரிப்பு மையத்தில் சேர்த்தோம். பயிற்சியை நிறுத்தினோம்.

அன்று பிற்பகல் மையத்தின் மருத்துவர் போனில் கேட்டார். "காய்ச்சல் எப்போது தொடங்கியது? பெண் திங்கள் என்கிறாள். உங்களிடம் பதிவு இருக்கிறதா?"

நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பும்போது அந்த 97.6 என் கண்ணில் பட்டது. பட்டும் அனுப்பினேன்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் வச்சிருக்க மாட்டாங்க மேடம்" என்று பதில் எழுதினார்.

அந்த நிமிடத்திலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. போன வாரம் வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒரு கட்டம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். போக பதினான்கு அடி, வர பதினான்கு அடி.

"ஏ, ஒரு எடத்துல உக்காரேன். தரை தேயுது" என்றார் என் கணவர். உட்கார்ந்தேன். எழுந்தேன்.

பூஜை அலமாரி முன் நின்று என்ன கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தாயே, முத்துமாரிக்குக் குணமாகட்டும்" என்று வாய் கேட்டது. "அந்த நோட்டை இனி யாரும் பார்க்கக் கூடாது" என்று நெஞ்சு கேட்டது. மறுநாள், வியாழக்கிழமை, மையத்திலிருந்து அவளுடைய ஆக்ஸிஜன் அளவு 94 என்று சொன்னார்கள். "நாலாவது நாள்தான் ஆகுது. பயப்பட வேண்டாம். நாளை சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்றார் மருத்துவர். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று முழுவதும் ஒரே வேண்டுதல்தான்: "தாயே, எனக்கு நிம்மதி கொடு. வேறெதுவும் வேண்டாம்." முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் சந்நிதிக்குப் போகிறவள் நான். ஒரு துளி நிம்மதிகூடத் தரவில்லை. அம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று டைரியில் எழுதினேன். அந்த வரி இன்னும் இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை 6.40க்குக் கோயிலுக்குப் போனேன். வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களின் பெயரும் காய்ச்சல் அளவும் எழுதும் ஏற்பாடு. தொண்டு செய்யும் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். கருவியை என் நெற்றிக்கு நேரே ஒரு தரம் ஆட்டிவிட்டு, குனிந்து எழுதினார்.

"உங்களுக்கும் 97தான் டீச்சர். உள்ள போங்க."

"நீங்க பார்க்கவே இல்லையே அக்கா?"

"எத்தப் பாக்க? பேட்டரி செத்து மூணு நாளாச்சு. கட்டம் காலியா கெடந்தா நிர்வாகத்துல வைவாக. அதான் ஊருக்கே 97 போட்டுக்கிட்டு இருக்கேன்." சிரித்தார். "ஆத்தாளப் பாக்க வாரவுகளுக்கு என்ன காய்ச்சல் வந்துரப் போகுது? போங்க, திரை போட்டுருவாக."

அந்த நோட்டைப் பார்த்தேன். 97, 97, 97. பக்கம் முழுக்க அழகாக நிரம்பியிருந்தது. எனக்குப் பின்னால் ஒருவர் இருமினார். அவருக்கும் 97.

உள்ளே விளக்கொளியில் அம்மன் முகம் தெரிகிற தூரம்தான். நான் போகவில்லை. இந்த முகத்தோடு உன் முன்னால் நிற்க மாட்டேன் தாயே என்று திரும்பிவிட்டேன்.

"என்ன டீச்சர், வாசல் வரைக்கும் வந்துட்டுப் போறீக?" என்று அக்கா கூப்பிட்டது காதில் விழுந்தது.

எதிரே இருந்த டீக்கடை ஓரத்தில் நின்று முத்துமாரியை அழைத்தேன். இருமிவிட்டுத்தான் பேசினாள்.

"போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் உனக்குக் காய்ச்சல் இருந்ததா? உண்மையைச் சொல்."

"இருந்துச்சு மேம். உடம்பு அனலா கொதிச்சுது. மாத்திரை போட்டுக்கிட்டேன். வெள்ளியும் சனியும் போட்டுத்தான் வந்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"டீம்ல இருந்து எடுத்துருவீகல்லா? வரிசையில நிக்கும்போது ஆத்தா ஆத்தான்னு கும்பிட்டுக்கிட்டேதான் நின்னேன். மிஷின் செத்துப் போச்சு. சாமியே காப்பாத்திருச்சுன்னு நெனச்சேன்."

"டாக்டர் கேட்டபோது திங்கள் என்று ஏன் சொன்னாய்?"

"நீங்க நோட்டுல அப்படித்தான எழுதிருக்கீக. நான் வேற சொன்னா உங்களுக்குக் கெட்ட பேரு வந்துரும்லா மேம்?"

என் பொய் அவள் வாயையும் அடைத்திருந்தது. நின்ற இடத்திலேயே மருத்துவரை அழைத்தேன். மணி 7.05. "அந்த 97.6 பொய் சார். நான் பார்க்காமல் எழுதியது. அவளுக்குப் போன வாரம் வியாழனே காய்ச்சல்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "அப்போ இன்னைக்கு அஞ்சாவது நாள் இல்லை மேடம். ஒன்பதாவது நாள்" என்றார். குரல் மாறிவிட்டது. இந்த நோயில் இரண்டாவது வாரத்தில்தான் சிலருக்கு மூச்சு சட்டென்று இறங்கும் என்பதை அப்புறம்தான் எனக்கு விளக்கினார். உடனே அவளை ஆறு நிமிடம் நடக்க வைத்துப் பார்த்திருக்கிறார். 93 இருந்தது 88க்கு இறங்கியது. பத்தரை மணிக்குள் ஆக்ஸிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். மாலைக்குள், குழாய் வழியே ஆக்ஸிஜன் கொடுத்தும் அவளுக்கு மூச்சு வாங்கியது. "சாயங்காலம் பார்த்துக்கலாம்னு இங்கேயே வச்சிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே பிடிக்கவில்லை மேடம்" என்றார் மருத்துவர்.

அன்றே பதிவாளரிடம் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை மருத்துவமனைக்கு வெளியே பேச்சியம்மாளிடம் நேரில் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"ஆறு நிமிசம் டீச்சரம்மா. அம்புட்டுத்தான? போயி எடுத்துட்டு வந்துருக்கக் கூடாதா?"

"வந்திருக்க வேண்டும் அம்மா" என்றேன். "எம்புள்ளையும் மறைச்சிருக்கா, அது அவ தப்பு. ஆனா அவ சின்னப் புள்ள. நீங்க?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் அங்கிருந்து போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை. ஆறடி தள்ளி, அந்தச் சுவரோரமாகவே ஐந்து நாட்களும் பகல் முழுவதும் நின்றோம். நான் கொண்டுபோன சாப்பாட்டை மூன்றாம் நாள்தான் வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் நிம்மதி கேட்கவில்லை. "அவள் மூச்சைக் கொடு தாயே. என்னை என்ன வேண்டுமானாலும் செய்" என்று மட்டும் கேட்டேன். வாயும் நெஞ்சும் ஒன்றையே கேட்டன. எத்தனையோ வருடங்களில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை காலை 9.20. உள்ளே போய் வந்த பேச்சியம்மாள் வேகவேகமாக நடந்து வந்தார். "டீச்சரம்மா, குழாயக் கழட்டிட்டாக. 95 காட்டுது. நானே ரெண்டு தரம் பாத்தேன். எழுதிக்கிடுங்க" என்றார். எழுதினேன். எழுத்து கலைந்து போயிருக்கிறது. தண்ணீர் பட்ட பக்கம் அது.

அவள் குழுவில் இருந்த மற்ற மூவருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது. மற்ற எட்டுப் பேரும் தப்பினார்கள். நாலுக்குள்ளேயே, ஒன்றோடு நின்றது. விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. அணிப் பொறுப்பிலிருந்து ஒரு வருடம் விலக்கினார்கள். நியாயம்தான். பங்குனியில் மறுபடி எல்லாம் மூடிவிட்டார்கள். அந்தப் போட்டி நடக்கவே இல்லை. இறுதியாண்டுப் பிள்ளைகள் ஆடாமலேயே போனார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கருவி அணைந்தது முத்துமாரியின் வேண்டுதலாலா என்று சிலர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. பேட்டரியை மாற்ற வேண்டிய நாளில் நான் மாற்றவில்லை. அதை அம்மன் தலையில் போட மாட்டேன். ஆனால் எனக்கு நிம்மதி தராமல் வைத்திருந்தது அவள்தான். அந்த வியாழக்கிழமை அவள் எனக்குத் தூக்கம் கொடுத்திருந்தால், வெள்ளிக்கிழமை நான் கண்மூடிக் கும்பிட்டுவிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். முத்துமாரி நம்மை விட்டே போயிருப்பாள்.

அடுத்த வருடம் பயிற்சி தொடங்கியபோது, கோட்டைத் தாண்டி முத்துமாரி முதல் முறை பாடிக்கொண்டு போனாள். ஒன்பது வினாடியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். ஆறு மாதத்தில் இருபத்தாறு வினாடிக்கு வந்தாள். சாக்கை அல்ல, ஆளைத் தொட்டுவிட்டு வந்தாள்.

உங்களில் யாராவது நிம்மதி கேட்டுக் கேட்டு, அது கிடைக்காமல் நடந்துகொண்டிருந்தால், அம்மன் காதில் விழவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவள் உங்களை எங்கேயோ அனுப்பப் பார்க்கிறாள். யாரிடம் போக வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவளை நம்பிப் போய்ச் சொல்லிவிடுங்கள். இன்றைக்கே போங்கள்.