உளுந்து மேல் ஏறாத கார்

நான் ஆறாவது படித்த 2008 பங்குனியில் எங்கள் வீட்டில் நடந்த பெரிய விவகாரம், இத்தாலிக் கார் ஒசத்தியா, இங்கிலாந்துக் கார் ஒசத்தியா என்பதுதான். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு சைக்கிள். அதுவும் அடிக்கடி செயின் கழன்றுகொள்ளும்.

வெளிநாட்டுக்காரர்கள் சிலர் அந்தக் காலத்துக் கார்களில் கடலூர் வழியாகச் சிதம்பரம் போகிறார்கள் என்று பேப்பரில் இரண்டு படம் போட்டிருந்தார்கள். "ரெண்டு பேரு குந்திக்கினு நாடு விட்டு நாடு போறதுக்குன்னே செஞ்ச வண்டிங்க" என்றார் சித்தப்பா. அவர் கட்சி இங்கிலாந்துப் பச்சை. என் கட்சி இத்தாலிச் சிவப்பு. நோட்டில் கோடு கிழித்து வேகம், சிலிண்டர், அழகு என்று மார்க் போட்டுப் பார்த்தோம். சரிசமமாக நின்றது. சரி, நேரில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

அம்மாவுக்குக் கவலை வேறு. புதுச்சத்திரத்துக்குத் தெற்கே மெயின் ரோட்டில் அன்றைக்குத்தான் எங்கள் உளுந்துச் செடி மொத்தத்தையும் பரப்பியிருந்தாள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறித்தான் காய் உடைந்து உளுந்து உதிரவேண்டும். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் அத்தனையும் பாழ். அந்த நேரம் பார்த்து, கார்கள் வருகின்றன என்று போலீஸ்காரர் பஸ், லாரியை எல்லாம் நிறுத்திவிட்டார்.

"எந்த ஊரு காரா இருந்தா இன்னா, மேல ஏறுனா சரி" என்றாள் அம்மா.

சிவப்புக் கார் வந்தது. வந்தது என்று சொல்வதற்குள் போயும்விட்டது. காய்கள் சடசடவென்று வெடித்தன. நான் குதித்தேன்.

பச்சைக் கார் செடிக்கு முன்னால் நின்றுவிட்டது. ஓட்டிவந்த நரைத்த தலைக்காரர் இறங்கி, ஒரு காயைப் பிய்த்துப் பார்த்து, அம்மாவிடம் காட்டி என்னவோ கேட்டார்.

"இது இன்னா பயிருன்னு கேக்குறாரு அண்ணி" என்ற சித்தப்பா, அவரிடம் திரும்பி, "நோ ப்ராப்ளம் சார், கோ, கோ!" என்று கையை வீசினார். அவர் கேட்டால்தானே! பயிர்மேல் ஏற்ற மனம் வராமல் மண் ஓரமாகக் காரை ஒடித்துத் திருப்பினார். பின்சக்கரம் புதைந்துகொண்டது.

அம்மா செடியை அப்படியே போட்டுவிட்டுக் காரைத் தள்ள ஓடினாள். கார் மண்ணிலிருந்து மேலேறிப் போகவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. பாதி உளுந்து நனைந்து, மறுநாளே முளை கட்டிவிட்டது.

"அந்தாளுக்கு அறிவு வேணாம்? நாமளேதான் ஏத்து ஏத்துங்குறோம்!" சித்தப்பாவே என் கட்சிக்கு வந்துவிட்டார். ஜெயித்த திமிரில் நோட்டை அம்மாவிடம் நீட்டினேன். அவள் நனைந்த உளுந்தைக் கிளறிக்கொண்டே, பச்சைக்குப் போடு என்றாள்.

"ஏம்மா? அதாலதான இவ்ளோ நஷ்டம்?"

"இருக்கட்டும்டி. கல்யாணமாயி வந்ததுலேர்ந்து இந்த ரோட்டுல கொட்டிக்கினு நிக்கிறேன். எறங்கி வந்து, இது இன்னான்னு எங்கிட்ட கேட்டவரு அவரு ஒருத்தருதான்."

கேட்டதற்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மா அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை.