ஒரே பக்கத்தின் இரண்டு பிரதிகள்

என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு விஷயத்தைக் கறப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். "ஆபீஸ்ல என்னங்க விசேஷம்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். அக்கம்பக்கத்து ஆண்கள் மேலதிகாரியைத் திட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றும் நேரத்தில், இவர் சட்டையோடு சேர்த்து வாயையும் ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவார். கல்யாணமான புதிதில் அதை அடக்கம் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். குடித்துவிட்டு உளறுகிற ஆளுக்கு வாக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டதும் உண்டு.

அவருடைய வேலையே அப்படி. முப்பது வருஷம் பூட்டி வைத்த அரசாங்க ரகசியக் கோப்புகளை வரிவரியாகப் படித்து, எதை வெளியே விடலாம், எதை விடக்கூடாது என்று பிரிக்க வேண்டும். ஒருமுறை அவருக்கு அலுவலகத்தில் காய்ச்சல் கண்டு, கூட்டிவரப் போனபோது எட்டிப் பார்த்திருக்கிறேன். ஜன்னலே இல்லாத நீள அறை. வரிசையாக மேசைகள். அசல் தாளைத் தொடமாட்டார்கள். அதை நகலெடுத்து, நகலின் மேல் மறைக்க வேண்டிய இடத்தைக் கறுப்பால் அடிப்பார்கள். ஓரத்தில் காரணத்துக்கு ஓர் எண் போடுவார்கள். பிறகு அந்த நகலையே இன்னொரு நகல் எடுப்பார்கள். அதற்கப்புறம் வெளிச்சத்தில் பிடித்தாலும் அடியில் இருப்பது தெரியாது. சாயங்காலம் பேனாவைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூட்டு'. வீட்டிலும் பூட்டுதான், சாவி மட்டும் என் கைக்கு வரவில்லை. ஒரே ஒரு விதியைப் பற்றி மட்டும் அவராகவே பேசுவார், அதுவும் பெருமையாக. போலீசுக்கு உளவு சொன்னவர் பெயர் எந்தக் காலத்திலும் வெளியே வராது. ஆள் செத்தாலும் வராது, பேரன் வந்து கேட்டாலும் வராது. "நம்பிச் சொன்னவனை நட்டாத்துல விடக்கூடாது" என்பார். நானும் தலையாட்டியிருக்கிறேன். நட்டாற்றில் நிற்கப்போவது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பெரிய வேலைநிறுத்தம் நடந்த வருஷம், சங்கத்துக்காரர்கள் ஐந்து பேர் ரகசியமாகக் கூடினார்கள். இடம் அந்த ஐந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். போலீஸ் நேராக அங்கே வந்து நின்றது. துண்டறிக்கைக் கட்டு அண்ணன் கையில் இருந்ததால் அவர் மட்டும் உள்ளே போனார். வேலை போயிற்று. நிச்சயித்திருந்த பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர் வெளியே வந்தபோது நரை விழுந்திருந்தது. அன்றிலிருந்து ஒரு கார் ஷெட்டில் காவல் வேலை, ஒற்றை அறை வாசம். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

"எவன் சொல்லியிருப்பான்?" இதுதான் அவருக்குச் சோறு தண்ணி எல்லாம். அந்த ஐந்து பேரில் இறந்துபோன இரண்டு பேர் மேலும் மாறி மாறிச் சந்தேகப்படுவார். கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிய ஒருவர் மேலும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டு, பிறகு அவரே தேடி வந்து பேசியதும் சமாதானமாகி, இப்போது இரண்டு பேரும் கேரம் ஆடுகிறார்கள். ஐந்தாவது ஆள் மேல் மட்டும் அண்ணன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவர் எடைப் பிரிவுக் கணக்கர், அண்ணனின் உயிர்ச் சிநேகிதர். ஜெயிலுக்கு மாதம் தவறாமல் சோப்பும் துவைத்த சட்டையுமாக வந்தவர் அவர் ஒருவர்தான். "சொந்தபந்தம் எல்லாம் கதவைச் சாத்திட்டப்போ வந்தவன்" என்று அண்ணன் சொல்லும்போது எனக்கே கண் கலங்கும்.

அந்தக் கணக்கரின் மகனுக்குத்தான் எங்கள் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தம் பேசிக்கொண்டு வந்ததே அண்ணன். "அவன் வீட்டுக்குப் போனா நம்ம பாப்பாவைத் தரையில கால் வைக்க விடமாட்டாங்க" என்றார். நான் துள்ளிக் குதித்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "பாப்பாவுக்குப் புடிச்சிருந்தா சரி" என்றார். வழக்கமான பூட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் அந்த வேலைநிறுத்தக் கோப்புகளைத் திறந்துவிட்டார்கள். சம்பந்தப்பட்டவர்கள் எழுதிக் கேட்டால் நகல் தருவார்களாம். அண்ணன் போலீஸ் துறைக்கும் எழுதினார், துறைமுகத்துக்கும் எழுதினார். அவருடைய அறையில் தபால் பெட்டி கிடையாது என்பதால் இரண்டுக்கும் எங்கள் விலாசம்.

முதலில் போலீஸ் நகல் வந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். முக்கியமான பக்கத்தில் 'ஏழாம் கிடங்கின் பின்புறம் கூடுகிறார்கள் என்ற தகவலை' என்பது வரை தெளிவாக இருந்தது. அப்புறம் ஒரு கறுப்புப் பட்டை. அப்புறம் 'தெரிவித்தார்.' அண்ணன் அந்தப் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் டீ கிளாஸ்களை எடுத்துக் கழுவப் போனார். அவர் கிளாஸ் கழுவி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

துறைமுகத்து நகல் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. 'வந்தா பிரிச்சுப் பாரு' என்று அண்ணன் சொல்லி வைத்திருந்ததால் பிரித்தேன். முக்கால்வாசி சரக்குக் கணக்கு, கப்பல் பெயர்கள். நடுவில் அதே பக்கம். அதே தட்டச்சு, அதே கோணல் எழுத்து. ஒரு பிரதி போலீசிடமும் ஒரு பிரதி துறைமுகத்திடமும் இருந்திருக்கிறது. ஒருவர் என்ன மறைத்தார் என்று மற்றவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. துறைமுகத்துக்காரர்களுக்குக் கிடங்கு இருக்கும் இடம்தான் பாதுகாப்பு ரகசியமாம். அந்தக் கிடங்கை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கி எத்தனையோ காலம் ஆகிறது. அதைப் போய் அடித்துவிட்டு, தங்கள் சிப்பந்தி ஒருவரின் பெயர்தானே என்று மிச்சத்தை அப்படியே விட்டிருந்தார்கள். முதலில் கறுப்பு, பிறகு 'என்ற தகவலை எடைப் பிரிவுக் கணக்கர்', அதன் பிறகு பெயர், 'தெரிவித்தார்.'

அண்ணன் எங்கள் வீட்டிலேயே விட்டுப்போயிருந்த போலீஸ் தாளையும் இதையும் அருகருகே வைத்தேன். குழந்தைக்குக்கூடப் புரியும்.

முதலில் சம்பந்தி மேல்தான் ஆத்திரம் வந்தது. சோப்புக் கொண்டுபோன கை, சட்டை துவைத்த கை. அந்த ஆத்திரம் தணிவதற்குள் என் வீட்டுக்காரர் கிளாஸ் கழுவியது ஞாபகம் வந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு தாளையும் அதன் மேல் போட்டேன்.

"இதை அடிச்சது நீங்களா?"

பார்த்தார். அவர் பொய் சொல்லமாட்டார், அது வேறு. "ஆமா."

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"யார் கல்யாணத்துக்கு?"

"பாப்பா கல்யாணத்துக்கு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"ஃபைல் கட்டு மேல நம்பர்தான் இருக்கும்" என்றார், தரையைப் பார்த்து. "படிச்சிட்டே போறேன், மச்சான் பேர் வருது. சொந்தக்காரங்க விஷயம்னா திருப்பிக் குடுக்கணும். குடுக்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா அதுக்குள்ள அந்தப் பேரையும் படிச்சிட்டேன். வேற எவனாவது கவனமில்லாம விட்டுட்டா என்ன பண்றதுன்னு நானே அடிச்சேன். அப்புறம் மேல கையெழுத்தாகாம வருஷக்கணக்கா கெடந்துச்சு."

"சரி. அண்ணன் வந்து சம்பந்தம் பேசினாரே, அப்ப வாயைத் தொறக்க என்ன?"

"வேண்டாம்னா ஏன்னு கேப்பீங்க."

"பையன் சரியில்லன்னு சொல்றது. பல்லு எடுப்பா இருக்குன்னு சொல்றது. ஒரு பொய் சொல்ல வராதா உங்களுக்கு?"

"பேர் வெளிய வராதுன்னு வாக்குக் குடுத்து வாங்கின தகவல். அதை மீற முடியாது."

"வாக்கா? யாரு குடுத்தது, நீங்களா? எவனோ ஒரு இன்ஸ்பெக்டர் குடுத்த வாக்கைக் கட்டிக் காப்பாத்தறீங்க. எனக்கு ஒரு வாக்குக் குடுத்தீங்களே, அது என்னாச்சு?"

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், பெண்ணைப் பெற்ற அப்பா, எல்லாம் தெரிந்துகொண்டே கல்யாண மண்டப வாசலில் அந்த ஆளைக் கட்டிப்பிடித்து வரவேற்றிருக்கிறார். ஒரு எதிரி செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். புருஷன் செய்ததற்கு என்ன செய்வது? அவர் எனக்குச் செய்தது துரோகம். அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

அப்போது போன் அடித்தது. பாப்பா. நிறைமாதம், இந்த வாரமோ அடுத்த வாரமோ. "அம்மா, எங்க மாமனார் ஆஸ்பத்திரிக்குப் போய் ரூம் பாத்துட்டு வந்துட்டாரு. கொசு இருக்கான்னு கட்டில்ல படுத்துப் பாத்தாராம்மா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வைத்ததும் மறுபடி அடித்தது. இந்தமுறை அண்ணன்.

"தபால்காரரைத் தெருவுல பாத்தேன். கெட்டியா ஒரு கவர் குடுத்தேன்னாரே? இதோ வர்றேம்மா."

வரவில்லை என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. அண்ணனின் கோபம் எனக்குத் தெரியும். பெயரைப் பார்த்த அடுத்த நிமிஷம் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். கத்துவார், கை ஓங்குவார். உள்ளே என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அலமாரியில் பாப்பா படித்த காலத்துக் கறுப்பு மார்க்கர் ஒன்று கிடந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்ததும் எழுதியது. 'எடைப் பிரிவுக் கணக்கர்' என்பதில் ஆரம்பித்துப் பெயரின் கடைசி எழுத்து வரைக்கும் ஒரே இழுப்பாக அடித்தேன். பதவியை விட்டுவைத்தால் ஆள் தெரிந்துவிடும் அல்லவா. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வெளிச்சத்துல புடிச்சா தெரியும்" என்றார் மெதுவாக. "ஜெராக்ஸ் எடுக்கணும்."

"போய் எடுத்துட்டு வாங்க."

தெருமுனைக் கடைக்குப் போய் எடுத்து வந்தார். மார்க்கர் அடித்த தாளை நான் அடுப்பில் காட்டினேன்.

அண்ணன் மூச்சு வாங்க வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடிப் பிடித்தார். "இவனுங்களும் அடிச்சுட்டானுங்க" என்றார். தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்து, பெயர் இருக்க வேண்டிய பட்டையின் மேல் விரலை வைத்து அளந்தார்.

"எம்மாம் நீளம் பாரு. நாலு விரல் வருது."

"அதுக்கென்னண்ணா?"

"யாருக்கு இவ்வளவு நீளப் பேரு? செத்துப்போனவங்க ரெண்டு பேரும் குட்டிப் பேரு. சம்பந்தி பேரு ஒரு விரல்ல மறைஞ்சிரும்." அண்ணன் முகம் மாறிக்கொண்டே வந்தது. "விஞ்ச்காரன்! அவன் அப்பன் பேரு, குடும்பப் பேரு எல்லாம் சேர்த்து, சம்பளப் பட்டியல்ல ரெண்டு வரி போகும்னு கிண்டல் பண்ணுவோம். அடப்பாவி. தேடி வந்து பேசினானே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நேத்துகூட அவன்கூட கேரம் ஆடினேன்மா."

"அண்ணா, அவசரப்படாதீங்க. வேற யாராவது..."

"அஞ்சு பேர்தானே! வேற யாரு?"

நான் மேசையில் இருந்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டேன். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார்.

என் வீட்டுக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். "நீளத்தை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நாங்க எல்லாப் பட்டையும் ஒரே அளவாத்தான் அடிப்போம்" என்றார். "உங்கிட்ட சொல்லணும்னு தோணாம போச்சு." பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவரே சொன்னார்: "மச்சானைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடலாம். அந்த விஞ்ச்காரர் பாவம்."

"வாயை மூடிட்டு இருங்க" என்றேன்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். அண்ணன் பஸ் நிறுத்தத்தில் நிற்காமல், விஞ்ச்காரர் குடியிருக்கும் தெருவுக்குள் திரும்பினார்.