அந்தோணிராஜ் படித்த புத்தகம்

அந்தோணிராஜுக்குப் புத்தகம் என்றால் உயிர். வாங்குவார். படிக்க மாட்டார்.

அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டர். கள்ளிக்குப்பத்தில் ஒன்றரை அறை வீடு. வருடந்தோறும் புத்தகக் கண்காட்சியில் இரண்டு பை நிறைய அள்ளி வருவார். ஒவ்வொன்றுக்கும் காக்கி அட்டை போட்டு, ஸ்டோர்ஸ் சாமான் மாதிரி எண் எழுதி, கண்ணாடி அலமாரியில் அடுக்குவார். பிறகு முன்னுரையைத் திறப்பார். மூன்றாம் வரியில் குறட்டை வந்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் கடைசி எண் இருநூற்றுப் பதினான்கு.

அந்த வருடம் அவர் மனைவி ஞானசௌந்தரி டிவி வாங்க முடிவு செய்தாள். டிவி வைக்கத் தோதான ஒரே சுவரில் அலமாரி நின்றது.

"இத்தினி புக்குல ஒன்னாச்சும் படிச்சிக்கீறீங்களா?"

"அல்லாம் படிச்சதுதான்."

அவள் எழுபத்தேழாம் எண்ணை உருவினாள். அந்த மலிவுப் பதிப்புகளில் தாள்கள் மேல் விளிம்பில் ஒட்டியே வரும். வாங்குகிறவர்தான் வெட்டிப் பிரித்துப் படிக்க வேண்டும். எழுபத்தேழு வெட்டாமல் அப்படியே இருந்தது.

"பக்கத்தப் பிரிக்காமயே எப்டி படிச்சீங்க? எக்ஸ்ரே எடுத்தா?"

அந்தோணிராஜ் தலையைச் சொறிந்தார்.

"ஞாயித்துக்கெயம டிவி வருது. அதுக்குள்ள இந்த ஒன்ன முழுசா படிச்சிட்டுக் கதை சொல்லுங்க. சொன்னா அலமாரி இங்கியே இருக்கட்டும். இல்லன்னா அத்தினியும் பேப்பர் கடைக்கு."

திங்களன்று பணிமனையில், சாப்பாட்டு நேரத்தில், உடைந்த ஹேக்ஸா பிளேடால் பக்கங்களை வெட்டிக்கொண்டிருந்தார். கிரீஸ் விரல்கள் பதியப் பதியப் புத்தகம் பத்துப் பேர் படித்தது போல ஆனது. அதில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு.

"இன்னா அண்ணாத்தே, புக்குக்கு ஓவராலிங்கா?" என்றான் உடன் வேலை செய்யும் வேம்புலி.

விஷயத்தைச் சொன்னார்.

"பூ, இவ்ளோதானா? கொண்டா. நான் படிக்கிறேன், நீ கேளு."

வேம்புலி உரக்கப் படித்தான். வர்ணனை வந்தால் தாண்டினான். தாண்டிய இடத்தில் கைச்சரக்கைப் போட்டான். புதன்கிழமை கூட்டம் சேர்ந்துவிட்டது. கதையில் கல்யாணப் பெண் மாட்டுவண்டியில் தப்பி ஓடுகிறாள். வண்டி அண்ணனூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்கிறது. "கேட்டத் தொறடா, பாவி!" என்று கூட்டத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வரதன் எழுந்ததில் சாம்பார் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கொட்டியது.

சனிக்கிழமை வேம்புலி வரவில்லை. மச்சினிச்சிக்குக் கல்யாணம். முப்பத்தெட்டுப் பக்கம் பாக்கி. தூங்கிவிடக் கூடாதென்று அந்தோணிராஜ் நின்றுகொண்டு படித்தார். நின்றுகொண்டே தூங்கினார்.

ஞாயிறு காலை எட்டாவது படிக்கும் மகள் அருள்செல்வி புத்தகத்தைப் பிரித்துச் சரிபார்க்க உட்கார்ந்தாள். ஞானசௌந்தரி கையில் முறத்தோடு நின்றாள். அந்தோணிராஜ் கதை சொன்னார். நன்றாகவே சொன்னார். முறம் அசையவில்லை.

"வண்டி வந்து அண்ணனூர் கேட்ல மாட்டிகிச்சு."

அருள்செல்வியின் விரல் நின்றது. புத்தகத்தில் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வண்டி ஒரு வாய்க்காலைத் தாண்டுகிறது. கேட்டே கிடையாது. அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"சரிதாம்மா," என்று பக்கத்தைப் புரட்டினாள்.

"அப்பால?" என்றாள் ஞானசௌந்தரி.

"மாப்பிள்ள ஊட்டுக்காரங்க லாந்தர் எடுத்துகினு தேடுறாங்க. அவ வைக்கப்போர்ல ஒளிஞ்சிகினுகீறா."

"மாட்டிகினாளா?"

அந்தோணிராஜ் மகளைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார்.

"அது... நீயே சொல்லு, பாப்போம்."

"ஐயோ, மாட்டிகினாளா இல்லியா?" முறத்தைப் போட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து டிவி வந்தது. தூக்கி வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். "எங்கம்மா வைக்கறது?"

அவள் தலை தூக்காமல் சமையற்கட்டைக் காட்டினாள்.

டிவி அரிசி டிரம் மேல் உட்கார்ந்தது. அலமாரி அசையவில்லை. எழுபத்தேழை முடித்துவிட்டு ஞானசௌந்தரி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினாள். அந்தோணிராஜ் அடுப்படியில் நின்று கிரிக்கெட் பார்த்தபடி வெங்காயம் உரிப்பார். அவள் அன்று படித்ததைச் சொல்வாள். எழுபத்தேழில் ரயில்வே கேட் இல்லை என்பதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றேழாம் வருடம் ஜூனில் அந்தோணிராஜ் இறந்தார். நூற்று அறுபத்திரண்டாம் எண்ணில் பாதிவரை அவருக்குச் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் அவள் படிக்கவில்லை.